விலக்கப்பட்ட மாதிரி

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னுவுக்கு,

நான் நலம். உன் நலமும் உன் மகளின் நலமும் எழுது. உன் காதுக்குப் போனைவிடக் கடிதம் மேல் என்பதால் எழுதுகிறேன். காரியமாகத்தான். "காரியம் இல்லாம அக்கா பேனாவைத் திறக்க மாட்டா" என்று நீ சொல்லிக்கொண்டே படிப்பாய், தெரியும்.

எங்கள் ஆய்வுக்கு நோயில்லாத பெண்கள் பன்னிரண்டு பேரின் ரத்தம் வேண்டும். வயது நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள். சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்களின் ரத்தம் மருத்துவமனையிலிருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. நல்ல ரத்தத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதில் எது மாறியிருக்கிறது என்று தெரியும். ஆய்வகத்துப் பெண்களிடம் எடுக்கக்கூடாது என்பது விதி. உன் டிப்போவில் அந்த வயதில் கண்டக்டர்கள், டிக்கெட் பரிசோதகர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிப் பார்க்க முடியுமா?

ஏன் என்று கேட்பார்கள். இப்படிச் சொல். இந்த நோய் சத்தமே போடாமல் வளரும். தெரியவரும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். ரத்தத்தில் ஏதாவது ஒரு புரதத்தின் அளவு கூடுகிறதா என்றே இதுவரை பலரும் தேடினார்கள். அளவு பல சமயம் மாறுவதில்லை. மாறினாலும் வேறு காரணமாக இருக்கும். நாங்கள் பார்ப்பது அளவை அல்ல. புரதம் எதுவும் தனியாக வேலை செய்வதில்லை, இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டுதான் செய்யும். எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று வலை மாதிரி வரைகிறோம். நோய் வந்தவர்களின் வலையில் எந்த இழை அறுந்திருக்கிறது, எங்கே புதிதாக முடிச்சு விழுந்திருக்கிறது என்று பார்க்கிறோம். நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அங்கே இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். பலிக்காத ஆய்வுகளைப் பார்த்தே எனக்கு நரைத்தது.

பெயர்கள் எங்களுக்கு வரக்கூடாது, ட்யூபின் எண் மட்டும்தான் வரும். யாருக்கும் தனியாக முடிவு சொல்ல மாட்டோம். இதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஊசி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்று என்று நான் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது.

உன் காரியம் முடிந்தது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு ட்யூப். உன் படிவத்தை வாசித்துக் காட்டியதும் முதல் கேள்வி கேன்டீன் அக்காவிடமிருந்து வந்தது.

"முடிவு சொல்ல மாட்டாங்கன்னா அப்புறம் எதுக்குடி ரத்தம்? உங்க அக்கா என்ன கொசுவா?"

நீ எழுதித் தந்த விளக்கம் எடுபடவில்லை. அதனால் என் பாஷையில் சொன்னேன். "நம்ம டிப்போல தினமும் தலையை எண்ணினா கணக்கு சரியாத்தான் இருக்கும். அதை வெச்சு எதுவும் தெரியாது. ஆனா யாரு யாரோட வண்டி ஏற மாட்டேங்கறாங்கன்னு பாரு, அதுல தெரியும்." போன வருஷத்துக் கதையை ஞாபகப்படுத்தினேன். ஒன்பது வருஷம் ஒரே வண்டியில் போன கண்டக்டர், திடீரென்று அந்த டிரைவரோடு டூட்டி வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. சண்டையா என்றால் இல்லை. டூட்டி சார்ட் போடுகிறவள் நான், எனக்கு உறுத்தியது. கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அழுதுவிட்டார். டிரைவருக்கு ஒரு கண் மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நண்பனைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்லை, கூட ஏறவும் பயம். எந்த ரிஜிஸ்டரிலும் வராத செய்தி, ஒரு ஜோடி பிரிந்ததில் வந்தது. "அக்கா ரத்தத்துக்குள்ள அந்த மாதிரி ஜோடியைத்தான் தேடறா" என்றேன். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

நீ அனுப்பிய நர்ஸ் ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் ஒட்டிக்கொண்டே போனார். ஆறு பேர் முடிந்ததும் கேன்டீன் அக்காவின் முறை. ஊசியைப் பார்த்ததும் "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்துவிட்டார். அடுப்பை அணைத்து அரை மணி ஆகியிருந்தது. மற்றவர்களும் எழுந்துவிடப் போகிறார்களே என்று அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து கையை நீட்டினேன். வலிக்கவே இல்லை என்று பொய் சொன்னேன். கடைசியில் அவரும் வந்து பன்னிரண்டாவதாகக் கொடுத்துவிட்டார். என் பழக்கப்படி ஒரு பட்டியலும் போட்டு வைத்திருக்கிறேன்.

என் உடம்புக்கு என்ன, கல்லு. சீருடையின் இடுப்புக் கொக்கியை மட்டும் ஒரு விரல் தள்ளித் தைக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்த வேலை.

உன் தங்கை

*

மார்ச் 19

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் கடிதமும் ட்யூப்களும் வந்து சேர்ந்தன. நன்றி. ட்யூப்கள் உடனே குளிர்பெட்டிக்குள் போயின. கடிதத்தை வேலைக்கு நடுவே அவசரமாகப் படித்தேன். டிரைவர், கண்டக்டர் கதை எங்கள் துறைத்தலைவருக்கும் பிடித்தது. "இதை முன்னுரையில போட முடியாதே" என்று வருத்தப்பட்டார்.

உன் உவமை சரிதான். இருநூற்று நாற்பது புரதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு ட்யூபுக்கும் ஒரு வலை. நோயாளிகளிடம் அளவுகள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே இருக்கின்றன. ஆனால் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டிய சில ஜோடிகள் பிரிந்திருக்கின்றன. இன்னும் நம்பவில்லை. கருவியின் கோளாறாகவும் இருக்கலாம்.

இந்த ஆய்வு இந்த ஆண்டுக்குள் வெளிவர வேண்டும். வராவிட்டால் எங்கள் குழுவைக் கலைத்துவிடுவார்கள் போலிருக்கிறது. வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

இடுப்பு பெருப்பது இந்த வயதில் சகஜம். எனக்கும் அப்படித்தான். சாயங்காலம் நட.

அக்கா

*

ஏப்ரல் 8

அக்காவுக்கு, அன்புடன்.

நலம், நலமே விழைகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது கைக்குத் தானாக வருகிறது. குழுவைக் கலைக்க மாட்டார்கள். கலைத்தால் இங்கே வா, உனக்கு மதிய ஷிப்டில் டிக்கெட் பரிசோதகர் டூட்டி போட்டுத் தருகிறேன். பஸ்ஸில் எல்லோரையும் சந்தேகமாகப் பார்க்கிற வேலைதான், உனக்குப் பொருந்தும்.

எல்லோரும் உன்னைத்தான் கேட்கிறார்கள். "நம்ம ரத்தம் என்ன சொல்லுது?" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் என் ஜன்னலில் தலையை நீட்டுகிறார்கள். சொல்ல மாட்டார்கள் என்று கையெழுத்துப் போட்டதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

மகள் காலேஜில் இரண்டாம் வருஷம் நன்றாகப் படிக்கிறாள். ஆனால் என்னை விரட்டுகிறாள். சாப்பாட்டு டப்பா பாதி அப்படியே திரும்பி வருகிறதாம். நாலு வாய்க்கு மேல் போகவில்லை அக்கா, வயிறு நிறைந்துவிடுகிறது. "டயட்டாம்மா?" என்று கேட்கிறாள். டயட் என்றால் வயிறு குறைய வேண்டாமா? இது தின்னாமலே ஊதுகிற பலூனாக இருக்கிறது. கொக்கியை இன்னொரு விரல் தள்ளினேன். நீ சொன்னபடி நடக்கவும் செய்கிறேன், பாதி வழியில் களைத்துப்போய் பஸ் பிடித்துத் திரும்பி வருகிறேன். டிப்போக்காரிக்குப் பஸ் அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.

நேரம் கிடைக்கும்போது எழுது.

உன் தங்கை

*

மே 30

அன்புள்ள சின்னுவுக்கு,

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சாப்பாட்டைக் குறைத்திருப்பது நல்லதுதான்.

முடிவுகள் வந்துவிட்டன. பதினான்கு ஜோடிகள். நோய் வந்தவர்களிடம் இந்தப் பதினான்கும் ஒன்றுபோல் பிரிகின்றன, உன் டிப்போப் பெண்களிடம் ஒன்றுபோல் சேர்ந்திருக்கின்றன. இருபத்தைந்து வருஷத்தில் இவ்வளவு தெளிவான படத்தை நான் பார்த்ததில்லை. அதனாலேயே பத்து நாள் அதைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு ட்யூப் மட்டும் தொந்தரவு கொடுத்தது. நோயில்லாத பன்னிரண்டில் ஒன்று. அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும், வலை மட்டும் நோயாளிகளுடையதைப் போல இருந்தது. கலப்பு நடந்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம். உங்கள் டிப்போவில் எடுக்கும்போதோ, மேசையில் வைத்திருந்தபோதோ ஏதாவது ஆகியிருக்கலாம். கூட்டமும் சத்தமுமான இடம். யாரையும் குறை சொல்லவில்லை. அந்த மாதிரியை விலக்கிவிட்டோம். கட்டுரையின் அடிக்குறிப்பில் ஒரு வரி வரும்.

பன்னிரண்டு பேருக்கும் என் நன்றியைச் சொல்.

அக்கா

*

ஜூன் 6

அக்காவுக்கு,

நலம்தானே? வழக்கமாக நான் மூன்று வாரம் கழித்துத்தான் பதில் போடுவேன். இதற்கு, வந்த அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

ட்யூப் கலக்கவில்லை. ஒருவர் கொடுத்து எழுந்த பிறகுதான் அடுத்தவர் உட்கார்ந்தார். ஒவ்வொன்றிலும் நர்ஸ் எண் ஒட்டியதை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பெட்டியை மூடும்வரை அறையைவிட்டு நான் நகரவில்லை. பத்தொன்பது வருஷமாக நூற்று எண்பது பேருக்கு டூட்டி போடுகிறேன், ஓர் ஆளை மாற்றிப் போட்டதில்லை. அது உனக்குத் தெரியும்.

அது கிடக்கட்டும். நான் கேட்பது இதுதான். கலக்கவில்லை என்று வைத்துக்கொள். அப்போது அந்த ட்யூபுக்கு என்ன அர்த்தம்? எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கு உள்ளே ஏதோ இருக்கிறதா?

எண்ணை மட்டும் சொல் அக்கா. என்னிடம் பட்டியல் இருக்கிறது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டிவிடுகிறேன். சார்ட்டில் ஒருத்தர் வேறு மாதிரி நடந்தால் நான் அவரைச் சார்ட்டிலிருந்து எடுப்பதில்லை. கூப்பிட்டுக் கேட்பேன்.

உன் தங்கை

*

ஜூன் 29

அன்புள்ள சின்னுவுக்கு,

நீயும் மகளும் நலமாக இருப்பீர்கள். உன் கடிதம் கொஞ்சம் சூடாக இருந்தது. உன் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை.

எண்ணைச் சொல்ல முடியாது. பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டது அந்த உறுதியின் பேரில்தான். அதைவிட முக்கியமான காரணம், சொல்வதற்கு ஒன்றுமில்லை. இந்த முறை பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு படத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒற்றை ஆளின் ட்யூபை வைத்து அவளுக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்கிற நிலைக்கு இது வரவில்லை, வர இன்னும் பத்து வருஷம் ஆகலாம். ஒரு பெண்ணைத் தேவையில்லாமல் பயமுறுத்தி, ஸ்கேன் எடுத்து, வயிற்றைக் கீறி, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆனால் யார் பொறுப்பு? என் கணக்கை நானே அந்த அளவுக்கு நம்பவில்லை. நீ ஏன் நம்புகிறாய்?

இன்னொன்று. அந்தப் பட்டியல் இருக்கவே கூடாது. பெயரும் எண்ணும் ஒரே தாளில் இருப்பது விதிமீறல். தயவுசெய்து கிழித்துவிடு.

கட்டுரையை அனுப்பிவிட்டோம். அதன் வேலையில் தூக்கமில்லை. உன் வயிறு இப்போது எப்படி?

அக்கா

*

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள் என்று மகள் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாள். உன் பெயர் முதலில் இருந்ததாம். சந்தோஷம். குழு கலையாது இனி.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. பட்டியலை அன்றைக்கே கிழித்துவிட்டேன், நீ சொன்னபடி. ஆனால் மனசு ஆறவில்லை. யார் என்று தெரியாவிட்டால் எல்லோரையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஊழியர் மருத்துவமனையில் வருஷ சோதனை உண்டு, யாரும் போவதில்லை. வாரத்துக்கு ஒருவர், இருவர் என்று டூட்டியைச் சரிக்கட்டி அனுப்பினேன். வயிற்று ஸ்கேனும் சேர்த்து எழுதச் சொன்னேன். "என்னடி, திடீர்னு எங்க மேல இவ்வளவு பாசம்?" என்று கேட்டார்கள். மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவைத்தேன்.

பதினோரு பேர் முடிந்தது. பதினோரு பேருக்கும் ஒன்றுமில்லை. கேன்டீன் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் இருந்தது, அதையும் எடுத்தாயிற்று. "உன்னாலதான் கத்தி பட்டுச்சு" என்று திட்டிக்கொண்டே எனக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்து தருகிறார்.

சார்ட் போடுகிறவள் கடைசியில்தான் லீவு எடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு மனக்குறை வரக்கூடாது என்று நானே கொண்டுவந்த வழக்கம். அதனால் என் முறை போன வாரம்தான் வந்தது.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம், "எத்தனை நாளா வயிறு இப்படி இருக்கு?" என்று கேட்டார். பிப்ரவரியிலிருந்து என்றேன். "யாருகிட்டயும் சொல்லலையா?" என்றார். சொல்லவில்லை என்று சொன்னேன்.

வயிற்றில் நீர் கோத்திருக்கிறதாம். சினைப்பையில் ஆரம்பித்து வேறு இடங்களுக்கும் போயிருக்கிறதாம். அடுத்த வாரம் மருந்து ஏற்றுகிறார்கள். நீ கலங்காதே. மகளை நினைத்தால்தான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறது. முடிந்தால் ஒரு தடவை வா. உனக்கு வேலை இருந்தால் வேண்டாம்.

உன் தங்கை

*

அக்டோபர் 25

சின்னு,

முந்தாநாள் ஊருக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். பத்து நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். மாத்திரை நேரங்களை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினேன். நீ அதைப் பார்த்து, "எங்க டிப்போ சார்ட்டைவிட நல்லா இருக்கே" என்றாய். சொல்ல வந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன். நேருக்கு நேர் எனக்கு வரவில்லை. எழுதுகிறேன்.

நான் விலக்கிய ட்யூபின் எண் ஏழு.

உன் செப்டம்பர் கடிதம் வந்த அன்று உன் கடிதங்களை எல்லாம் எடுத்து முதலிலிருந்து படித்தேன். பிப்ரவரி 24 தேதியிட்டதில் இருக்கிறது. ஆறு பேர் முடிந்ததும் கேன்டீன் அக்கா எழுந்துவிட்டார், அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்தாய். நர்ஸ் வரிசையாக எண் ஒட்டினார் என்பதும் அதில் இருக்கிறது. அதை மார்ச் மாதம் நான் படித்திருக்கிறேன். மேயில் அந்த எண்ணைக் கணினியிலிருந்து நீக்கியபோது உன் கடிதம் அதே மேசையின் இழுப்பறையில் இருந்தது. ஜூனில் நீ எண்ணைக் கேட்டாய். ஏழு என்று நான் எழுதியிருந்தால், பட்டியல்கூட வேண்டாம், உனக்குத் தெரிந்திருக்கும்.

விதி என்று எழுதினேன். விதி உண்மைதான். அதன் பின்னால் வேறொன்றும் இருந்தது. அந்தக் கணக்கை மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் அந்த ட்யூப் நோயாளிகளின் பக்கமே போய் நின்றது. கலந்துவிட்டது என்பதற்கு என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. அது இல்லாவிட்டால் படம் சுத்தமாக இருந்தது. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று பெயர் எடுத்த நான், எனக்கு வசதியாக இருந்த ஒன்றை மட்டும் சந்தேகப்படவில்லை.

ஒவ்வொரு கடிதத்திலும் உன் உடம்பை விசாரித்திருக்கிறேன். நீ பதில் சொல்லியிருக்கிறாய். கொக்கி, பாதி டப்பா, பாதி வழியில் களைப்பு. சாப்பிட்டவுடன் வயிறு நிறைவது, உப்புவது, களைப்பு: இவற்றைத்தான் ஆரம்ப அறிகுறிகள் என்று என் கட்டுரையின் முதல் பத்தியில் நானே வரிசைப்படுத்தியிருக்கிறேன். அதை எழுதிய அதே மாதத்தில், நீ சாப்பாட்டைக் குறைத்தது நல்லது என்று உனக்கும் எழுதினேன். டாக்டரிடம் நீ யாரிடமும் சொல்லவில்லை என்று சொன்னாயாம். என்னிடம் சொல்லியிருந்தாய்.

ஜூனில் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் மாறாமல் இருந்திருக்கலாம். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா

*

நவம்பர் 6

அக்கா,

மருந்து ஏற்றிய கை, எழுத்து கோணலாக வரும். மகளை எழுதச் சொல்லவில்லை. இது அவள் படிக்க வேண்டியதில்லை.

எனக்கு ஓரளவு தெரியும். டாக்டரம்மா மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட உடனே, ஓ, நான்தான் அந்த ட்யூப் என்று நினைத்தேன். நீ இங்கே இருந்த பத்து நாளும் நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். ஒரு நாள் வாயைத் திறந்துவிட்டு, தலையணை உறையை மாற்றட்டுமா என்று கேட்டாய். சரி என்றேன். அன்றைக்குக் காலையில்தான் மாற்றியிருந்தது.

கோபம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. உன் கடிதம் வந்து மூன்று நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தேன். கேன்டீன் அக்கா கஞ்சியை வைத்துவிட்டுப் போனார், எடுக்கவில்லை. மகளுக்குப் பத்தொன்பது வயது. அவளுக்குக் கல்யாணம், வேலை என்று நான் எதுவும் பார்க்கப் போவதில்லை. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல், உன் மேல் இறக்கினேன். அது முழுதாக உன் மேல் நிற்கவும் இல்லை. நானும் வயிற்றைத் தடவிக்கொண்டு ஏழு மாதம் சும்மாதானே இருந்தேன். பதினோரு பேரை அனுப்பத் தெரிந்தவளுக்கு, முதலில் போகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் உன் மேல்தான் நிற்கிறது. எங்கள் டிப்போவில் கலந்திருக்கும் என்று எழுதினாயே, அது. நான் கலக்கவில்லை அக்கா. அந்த அடிக்குறிப்பை மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். "எடுக்கும் இடத்தில் நேர்ந்த பிழை" என்று போட்டிருக்கிறாய். அந்த இடம் என் இடம்.

அதைத் திருத்து. பெரிதாக ஒன்றும் வேண்டாம். பிழை இல்லை என்று ஒரு வரி அச்சில் வர வேண்டும். என் அனுமதி வேண்டுமென்றால் இதுதான் அனுமதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் குழுவுக்கு என்ன ஆகும் என்று யோசிப்பாய். யோசி. அப்புறம் திருத்து.

நாற்காலியை மாற்றினாயா?

உன் தங்கை

*

நவம்பர் 21

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளியான எங்கள் கட்டுரையில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது.

நோயில்லாதவர்களின் பன்னிரண்டு மாதிரிகளில் ஒன்று, எடுக்கும் இடத்தில் நேர்ந்த பிழை காரணமாக விலக்கப்பட்டது என்று அடிக்குறிப்பில் கூறியிருந்தோம். அந்தக் கூற்று தவறு. பிழை நேர்ந்தது என்பதற்கு எங்களிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. மற்ற மாதிரிகளுடன் பொருந்தவில்லை என்பதற்காக மட்டுமே அது விலக்கப்பட்டது. அந்த முடிவு என்னுடையது. என்னுடன் பணிபுரிந்தவர்களுக்கு அதில் பங்கில்லை.

மாதிரியை அளித்தவருக்கு ஏழு மாதங்களுக்குப் பின் சினைப்பைப் புற்றுநோய் இருப்பது உறுதியானது. மாதிரி எடுத்த நாளிலேயே நோய் இருந்ததா என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. எனினும் பதினான்கு புரத ஜோடிகளில் பதினொன்று அவரிடம் அன்றே பிரிந்திருந்தன. அதைச் சேர்த்துச் செய்த புதிய கணக்கு இத்துடன் உள்ளது. எங்கள் பழைய படத்தைப் போல அது சுத்தமாக இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுவதே சரி என்று தாங்கள் கருதினால் அதற்கும் உடன்படுகிறேன். இந்த விவரங்களை வெளியிட அளித்தவர் எழுத்து மூலம் அனுமதி தந்துள்ளார்.

மாதிரிகள் கலக்கவில்லை. பன்னிரண்டும் மிகுந்த கவனத்துடன், சரியான வரிசையில், சரியான எண்களுடன் எடுக்கப்பட்டிருந்தன.

தங்கள் உண்மையுள்ள,
கட்டுரையின் முதல் ஆசிரியர்

(சின்னு, இது உனக்கான நகல். இன்று காலை அனுப்பிவிட்டேன். நாற்காலியையும் மாற்றிவிட்டேன்.)

*

டிசம்பர் 17

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது பற்றி போனில் சொன்னீர்கள். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கேன்டீன் அத்தை கூட வந்து இருக்கிறார். நீங்களும் சாப்பிடுங்கள்.

அம்மாவின் காரியத்துக்கு நீங்கள் வந்திருந்தபோது இதைச் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. இந்த வீட்டில் எல்லோருக்கும் இது எழுத்தில்தான் வரும் போலிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய நகல், அம்மா போவதற்கு நாலு நாள் முன்னால் வந்தது. அப்போது அம்மாவுக்குக் கண் திறந்திருப்பதே சிரமமாக இருந்தது. வலது காதுதான் கொஞ்சம் கேட்கும் என்பதால் அந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். டிப்போவிலிருந்து வந்திருந்த இரண்டு கண்டக்டர் அக்காக்களும் நின்று கேட்டார்கள். அவர்களுக்கு எல்லாம் புரிந்ததா தெரியவில்லை.

முழுவதும் படித்து முடித்ததும் அம்மா, "அந்தக் கடைசி வரி" என்றார். உண்மையுள்ள என்பதைப் படித்தேன். "அது இல்லடி, அதுக்கு முன்னாடி" என்றார். மாதிரிகள் கலக்கவில்லை என்பதிலிருந்து மறுபடி படித்தேன். இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினார். படித்தேன்.

அப்புறம், "அக்காவுக்கு எழுதிடு" என்றார். என்ன எழுத என்று கேட்டேன். நீங்கள் பதிலுக்குக் காத்திருப்பீர்களாம், காரியமாக எழுதினால் உங்களுக்கு உடனே பதில் வேண்டுமாம். நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். அடுத்த நாளிலிருந்து அம்மாவுக்குப் பேச்சில்லை.

அம்மா சொன்னதை எழுதாமல் விட எனக்கு மனசில்லை பெரியம்மா. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் நவம்பர் 21 கடிதம் கிடைத்தது.

உங்கள் மகள்